மரு, மச்சம், பாலுண்ணி, கட்டி: தோலில் முளைப்பவை எல்லாம் ஒன்றல்ல

கழுத்தில் சின்னதாகத் தொங்கும் சதைத் துணுக்கும் மரு. விரலில் சொரசொரவென்று முளைப்பதும் மரு. கன்னத்தில் கருப்பாகப் புடைத்திருப்பதும் மரு. அதையே ஒருவர் பாலுண்ணி என்பார், இன்னொருவர் மச்சம் என்பார். பேச்சில் இதனால் ஒன்றும் கெட்டுவிடாது. மருந்து என்று வரும்போதுதான் இந்தக் குழப்பம் தோலைப் புண்ணாக்குகிறது. விரல் மருவுக்கு வாங்கிய அமிலத்தைக் கழுத்துத் தொங்கலில் வைத்துச் சுட்டுக்கொள்கிறவர்கள் உண்டு. ஒட்டவே ஒட்டாத ஒன்றுக்குப் பயந்து வீட்டில் ஒருவரின் துண்டை ஒதுக்கி வைப்பதும் நடக்கிறது. உண்மையில் ஒட்டக்கூடிய ஒன்றைச் சொறிந்து சொறிந்து பத்தாக்கிக்கொள்வதும் நடக்கிறது.

இது எது என்று முதலில் தெரிய வேண்டும். நீக்குவதா விடுவதா, எப்படி நீக்குவது என்பதெல்லாம் அதற்கு அப்புறம்தான். அதைத் தெரிந்துகொள்ள, தோலின் எந்த அடுக்கில் எந்த வகைச் செல் கூடிவிட்டது என்று பார்த்தால் போதும்.

தோல் என்பது ஓடிக்கொண்டிருக்கும் படிக்கட்டு

பெரிய கட்டடங்களில் தானாக மேலே நகரும் படிக்கட்டைப் பார்த்திருப்பீர்கள். கீழே ஒரு படி உருவாகி, மெல்ல மேலேறி, உச்சியில் தட்டையாகி மறையும். நம் மேல்தோல் அப்படித்தான் இயங்குகிறது. அதன் அடி வரிசையில் செல்கள் பிறக்கின்றன. மேலே வரவரத் தட்டையாகி, உள்ளே கெரட்டின் நிரம்பி, செத்து, கடைசியில் செதிலாக உதிர்கின்றன. கெரட்டின் என்பது நகத்துக்கும் முடிக்கும் உறுதி தருகிற அதே புரதம். அடியிலிருந்து உச்சிக்கு வர ஏறத்தாழ நான்கு வாரம் ஆகும்.

இந்த மேல்தோலின் தடிமன் உடல் முழுக்க ஒன்றாக இருப்பதில்லை. கண் இமையில் 0.05 மி.மீ. அளவுதான், உள்ளங்காலில் 1.5 மி.மீ. வரை இருக்கும். ஒரே மருந்து காலில் வேலை செய்யாமல் போவதற்கும், முகத்தில் புண்ணாக்குவதற்கும் இந்த வித்தியாசம் ஒரு பெரிய காரணம்.

அடி வரிசையில் இடையிடையே நிறமிச் செல்கள் உட்கார்ந்திருக்கின்றன. தோலுக்கு நிறம் தரும் மெலனினைச் செய்பவை அவை. மேல்தோலுக்குக் கீழே நார்களும் ரத்தக் குழாய்களும் நரம்புகளும் நிறைந்த உள்தோல். அதற்கும் கீழே கொழுப்பு அடுக்கு.

‘தீங்கற்ற வளர்ச்சி’ என்றால் இந்த அடுக்குகளில் ஏதோ ஒரு வகைச் செல் கொஞ்சம் கூடுதலாகப் பெருகி, ஓர் எல்லையில் நின்றுகொண்டது என்று பொருள். பக்கத்துத் திசுவைத் துளைத்துக்கொண்டு போகாது, உடலின் வேறு இடத்துக்குத் தாவாது. புற்று அந்த இரண்டையும் செய்யும். வேறுபாடு அவ்வளவுதான், அளவிலோ அழகிலோ இல்லை.

ஆக, மேல்தோல் செல்கள் பெருகினால் ஒரு வகை, நிறமிச் செல்கள் கூடினால் மச்சம், உள்தோல் வெளியே பிதுங்கினால் தொங்கு மரு, கொழுப்பு திரண்டால் கட்டி. இந்த வரைபடத்தை மனதில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

வைரஸ் மரு: விரலிலும் பாதத்திலும் வரும் சொரசொரப்பு

இதற்கு மட்டும்தான் கிருமி நேரடிக் காரணம் என்று பலரும் நினைக்கிறார்கள். கிட்டத்தட்ட சரி, இன்னொன்றும் இருக்கிறது, அது அடுத்து வருகிறது. மனிதப் பாப்பிலோமா வைரஸ், சுருக்கமாக எச்பிவி, என்ற குடும்பத்தில் 200க்கும் மேற்பட்ட வகைகள் உள்ளன. அவற்றில் சில கைகளையும் பாதங்களையும் விரும்பிப் பிடிக்கும். தோல் முழுமையாக இருந்தால் உள்ளே நுழைய வழியில்லை. நகம் கடித்த ஓரம், ஊறி வெளுத்த பாதம், சவரம் செய்த கன்னம் இப்படிக் கண்ணுக்குத் தெரியாத கீறல் இருந்தால் போதும், அடி வரிசைச் செல்லுக்குள் போய்விடும்.

உள்ளே போன வைரஸ், நகல் எடுக்கும் இயந்திரத்தின் பொத்தான் அழுந்திக்கொண்டதுபோல அந்தச் செல்லைத் திரும்பத் திரும்பப் பிரதி எடுக்க வைக்கிறது. படிக்கட்டில் ஒரே இடத்தில் கூட்டம் முண்டியடித்து ஏறுகிறது. மேலே வரும் செல்களெல்லாம் கெரட்டினை அடுக்கிக் குவிக்க, சொரசொரப்பான மேடு எழுகிறது. உச்சியில் உதிரும் ஒவ்வொரு செதிலிலும் வைரஸ் இருக்கும். மரு பரவுவது இப்படித்தான். கிருமி தொற்றிய நாளுக்கும் மரு கண்ணில் படும் நாளுக்கும் இடையே வழக்கமாக ஒன்று முதல் ஆறு மாதம் ஓடிவிடும். அதனால் யாரிடமிருந்து வந்தது என்று தேடுவதில் பயனில்லை.

உடலின் எதிர்ப்புச் சக்தி ஏன் உடனே இதைத் தாக்குவதில்லை? இந்த வைரஸ் ரத்தத்துக்குள் போவதில்லை, செல்லை உடைத்துக் கலவரம் செய்வதுமில்லை. மேல்தோலிலேயே சத்தமில்லாமல் இருந்துவிடுகிறது. காவலர்கள் ரோந்து போகும் தெருவுக்கு அது வருவதே இல்லை. என்றாவது ஒருநாள் கண்டுகொண்டால், பல மாதமாக இருந்த மரு சில வாரங்களில் உதிர்ந்துவிடும். குழந்தைகளுக்கு வரும் மருக்களில் ஏறத்தாழ பாதி ஓர் ஆண்டுக்குள்ளும், மூன்றில் இரண்டு பங்கு இரண்டு ஆண்டுக்குள்ளும் தானாகவே போய்விடுகின்றன. பெரியவர்களுக்கு மெதுவாகத்தான் போகும். மந்திரித்ததும் மறைந்தது, எதையோ தடவியதும் மறைந்தது என்று சொல்லப்படுபவற்றில் பெரும்பகுதிக்கு இதுவே விளக்கம்.

இங்கே ஒரு தவறான நம்பிக்கையைச் சொல்லியாக வேண்டும். மருவின் மேற்பரப்பை லேசாகத் தேய்த்தால் உள்ளே கடுகைவிடச் சிறிய கரும்புள்ளிகள் தெரியும். அவற்றை ‘விதை’, ‘வேர்’ என்று சொல்லி ஊசியால் நோண்டுகிறார்கள். அவை மருவுக்குள் வளைந்தேறிய நுண்ணிய ரத்தக் குழாய்களில் ரத்தம் உறைந்த புள்ளிகள். மருவுக்கு வேர் கிடையாது. அது மேல்தோலோடு நின்றுவிடும். ஆழமாகத் தோண்டுவதால் கிடைப்பது ரத்தமும் தழும்பும்தான், கூடவே பக்கத்தில் இரண்டு புது மரு.

பாதத்தில் இருப்பது மருவா கால் ஆணியா என்பதும் வழக்கமான சந்தேகம். நல்ல வெளிச்சத்தில், முடிந்தால் பூதக்கண்ணாடியோடு பாருங்கள். பாதத்தின் ரேகைகள் மருவின் விளிம்பில் வந்து நின்று அதைச் சுற்றிக்கொண்டு போகும். நடுவே கரும்புள்ளிகள் இருக்கும். கால் ஆணி எலும்பு அழுத்தும் இடத்தில் வரும். அதன் நடுவில் மெழுகுபோல் கெட்டியான, சற்றே ஒளி ஊடுருவும் மையம் தெரியும், புள்ளிகள் இருக்காது. இரண்டு விரலால் பக்கவாட்டில் கிள்ளிப் பிடித்தால் வலிப்பது மரு. நேராக அழுத்தினால் வலிப்பது ஆணி. ஆணிக்குத் தேவை அழுத்தம் குறையும் செருப்பு. வைரஸுக்கான சிகிச்சை அதற்கு எதுவும் செய்யாது.

*வீட்டிலேயே செய்யக்கூடியது: சாலிசிலிக் அமிலம்*

கை கால் மருக்களுக்குப் போலி மருந்தோடு ஒப்பிட்ட ஆய்வுகளில் மேலாக நின்றது இது. கெரட்டின் செல்களை ஒட்டவைத்திருக்கும் பசையை இளக்கி, மருவை அடுக்கடுக்காக உரிக்கிறது. கைக்கு 17 சதவீத அளவிலான திரவம், உள்ளங்காலுக்கு 40 சதவீதப் பட்டை என்பது வழக்கம். பயன்படுத்தும் முறை தெரியாமல்தான் பெரும்பாலோர் தோற்றுப்போகிறார்கள்.

இரவு படுக்கும் முன் மரு உள்ள இடத்தை வெதுவெதுப்பான நீரில் ஐந்து முதல் பத்து நிமிடம் ஊறவிடுங்கள். துடைத்துவிட்டு, மேலே வெள்ளையாக ஊறியிருக்கும் செத்த தோலை நகம் தேய்க்கும் அட்டை அரத்தால் தேய்த்து எடுங்கள். வலித்தாலோ சிவந்தாலோ அதோடு நிறுத்த வேண்டும். இந்தப் படியைத் தவிர்த்தால் அமிலம் செத்த தோலின் மேலேயே கிடந்து வீணாகும். சுற்றியுள்ள நல்ல தோலில் வாசலின் தடவிக்கொண்டு, மருவின் மேல் மட்டும் ஒரு சொட்டு வைத்துக் காயவிடுங்கள். பாதமாக இருந்தால் மேலே பிளாஸ்திரி ஒட்டுவது மருந்தை உள்ளே இறக்கும். அந்த அரத்தை மருவுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்; அதால் நகத்தைத் தேய்த்தால் நகக்கண்ணில் புது மரு வரலாம்.

தினமும், பன்னிரண்டு வாரம் வரை. இரண்டு வாரத்தில் ‘மருந்து பலிக்கவில்லை’ என்று விட்டுவிடுவதுதான் தோல்விக்கு முதல் காரணம். இரண்டாவது காரணம் அவசரம்: ஒரே நாளில் மூன்று முறை வைத்துப் புண்ணாக்கிக்கொள்வது. புண்ணானால் நாலைந்து நாள் நிறுத்தி, ஆறியதும் தொடருங்கள். எப்போது முடிந்தது என்று தெரிந்துகொள்ள ஓர் அடையாளம் உண்டு. மரு இருந்த இடத்தின் குறுக்கே ரேகைகள் மறுபடியும் தடையில்லாமல் ஓடினால் அது போய்விட்டது. மேடு தட்டையானது மட்டும் போதாது. ரேகை வராமல் நிறுத்தினால் திரும்பி வரும்.

முகம், பிறப்புறுப்பு, மச்சம், முடி முளைத்த புடைப்பு ஆகியவற்றில் இந்த அமிலத்தை வைக்கவே கூடாது. சர்க்கரை நோய் உள்ளவர்களும், காலில் ரத்த ஓட்டமோ உணர்வோ குறைந்தவர்களும் பாதத்தில் தாங்களாக இதைத் தொடங்கக் கூடாது. சின்னப் புண் தெரியாமலேயே பெரிதாகிவிடும். கர்ப்பிணிகளும் சிறு குழந்தைகளின் பெற்றோரும் மருத்துவரைக் கேட்டுக்கொண்டு செய்வது நல்லது.

மருத்துவர் செய்வது பெரும்பாலும் உறைய வைக்கும் சிகிச்சை. மைனஸ் 196 டிகிரி செல்சியஸில் கொதிக்கும் திரவ நைட்ரஜனைச் சில வினாடி வைப்பார்கள். இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு ஒருமுறை, வழக்கமாக மூன்று நான்கு முறை தேவைப்படும். நிறம் கூடிய தோலுள்ளவர்கள் முன்கூட்டியே ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும்: குளிரைத் தாங்கும் சக்தி நிறமிச் செல்களுக்கு மற்றச் செல்களைவிடக் குறைவு. மரு போன பிறகு அங்கே வெள்ளைத் திட்டு தங்கிவிடலாம்.

எச்பிவி என்றதும் புற்றுநோய் நினைவுக்கு வருவது இயல்பு. கருப்பை வாய்ப் புற்றுக்கு இந்தக் குடும்பத்து வைரஸே காரணம் என்று காட்டியதற்காக ஹரால்ட் சூர் ஹௌசன் 2008இல் நோபல் பரிசு பெற்றார். ஆனால் அந்த வகைகள், குறிப்பாக 16, 18, வேறு. விரலில் மரு உண்டாக்கும் வகைகள் வேறு. பிறப்புறுப்பில் வரும் மருக்களைத் தனிக் கணக்காக வைத்து, வெட்கப்படாமல் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

சுருக்கமாக: சொரசொரப்பு, நின்றுபோன ரேகை, கரும்புள்ளி இருந்தால் வைரஸ் மரு. ஒட்டும், தானாகவும் போகும், பொறுமையாக உரித்தால் சீக்கிரம் போகும்.

குழிவிழுந்த முத்துகள்

முன்னே சொன்ன இன்னொரு வைரஸ் வளர்ச்சி இது. மொலஸ்கம் என்பார்கள், அம்மைக் குடும்பத்து வைரஸ் ஒன்றால் வருகிறது. பெரும்பாலும் குழந்தைகளுக்கு. 2 முதல் 5 மி.மீ. அளவில், முத்துப்போல் பளபளப்பாக, நடுவில் தொப்புள் மாதிரி ஒரு சிறு குழியோடு கொத்தாக வரும். பிதுக்கினால் வெள்ளையாக ஏதோ வரும். பாலுண்ணி என்ற பெயர் இதற்கும் ஒட்டிக்கொண்டதில் வியப்பில்லை. அந்த வெள்ளைப் பொருள் முழுக்க வைரஸ். சொறிந்த விரல் அதைக் கோடு போட்டதுபோல் வரிசையாக நட்டுக்கொண்டு போகும்.

பெரும்பாலான குழந்தைகளுக்கு ஆறு மாதம் முதல் ஒன்றரை ஆண்டுக்குள் தழும்பே இல்லாமல் மறைந்துவிடும். நகத்தை ஒட்ட வெட்டுவது, துண்டைத் தனியாக்குவது, வறண்ட தோலுக்கு ஈரப்பசை தருவது போதும். பள்ளிக்கு அனுப்பாமல் வைத்திருக்க வேண்டியதில்லை. மறைவதற்குச் சற்று முன் சுற்றிலும் சிவந்து வீங்குவதுண்டு. உடல் போரிடத் தொடங்கியதன் அறிகுறி அது. அதைப் பார்த்துப் பதறிப் பிதுக்கினால்தான் தழும்பாகும்.

தொங்கு மரு: உரசும் இடத்தில் விடும் பிசிறு

சட்டைக் காலர் எந்த இடத்தில் அதிகம் உரசுகிறதோ அங்கேதான் முதலில் பிசிறு விடும். கழுத்து, அக்குள், தொடையிடுக்கு, மார்பகத்தின் அடி, கண் இமை ஆகிய மடிப்புகளில் தோல் தோலோடோ, துணியோடோ, நகையோடோ உரசும் இடங்களில் உள்தோலின் நாரும் சிறு ரத்தக் குழாயும் ஒரு மெல்லிய காம்போடு வெளியே பிதுங்கி நிற்பதுதான் தொங்கு மரு. மருத்துவர்கள் ஸ்கின் டேக் என்பார்கள். மிருதுவாக இருக்கும், விரலால் தள்ளினால் ஆடும், அளவு 1 முதல் 5 மி.மீ.; சில பெரிதாகவும் வளரும்.

இதில் வைரஸ் பங்கு இல்லை. தொட்டால் ஒட்டாது, வெட்டினால் பெருகாது. புற்றாக மாறும் என்ற பயமும் வேண்டாம். ‘ஒன்றை எடுத்தால் பத்து வரும்’ என்று சொல்லப்படுவதற்குக் காரணம், உரசலும் உடல்வாகும் அப்படியே இருப்பதால் பக்கத்தில் வேறு புதிதாக வருவதுதான்.

ஒரு விஷயத்தில் மட்டும் இதைப் பொருட்படுத்த வேண்டும். உடல் எடை கூடியவர்களுக்கும், இன்சுலின் சரியாக வேலை செய்யாதவர்களுக்கும் இது அதிகம் வருகிறது. ரத்தத்தில் இன்சுலின் மிகுந்தால் அது தோல் செல்களையும் வளரத் தூண்டும். கழுத்தில் வரிசையாகத் தொங்கு மருவும், கூடவே வெல்வெட்போல் தடித்த கருமையும் இருந்தால், அழுக்கு என்று தேய்த்துக்கொண்டிருப்பதைவிட ரத்தச் சர்க்கரையைப் பரிசோதிப்பது மேல். தோல் முன்கூட்டித் தரும் தகவல் அது. தவறவிடக் கூடாத தகவல் என்றே சொல்ல வேண்டும். கர்ப்ப காலத்திலும் இவை தோன்றும்.

நீக்க வேண்டிய கட்டாயம் இல்லை. நகையில் மாட்டுகிறது, அடிக்கடி ரத்தம் வருகிறது, பார்க்கப் பிடிக்கவில்லை என்றால் நீக்கலாம். மருத்துவர் மரத்துப்போகும் மருந்து தடவியோ ஊசி போட்டோ நுண்கத்தரியால் காம்பை நறுக்குவார், அல்லது மின்சூட்டால் எடுப்பார். சில நிமிட வேலை. நூலோ முடியோ கட்டி அறுந்து விழச் செய்வது பழைய முறை. ரத்த ஓட்டத்தை நிறுத்திக் கொல்வது என்ற தத்துவம் சரிதான். ஆனால் முடிச்சு இறுகாவிட்டால் ரத்தம் உள்ளே போகும், வெளியே வராது. வீங்கி, கறுத்து, நாள் கணக்கில் வலித்து, சீழ் பிடிக்கும். தவிர, கட்டப்பட்டது உண்மையில் தொங்கு மருதானா என்பதை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். கண் இமையில் இதை முயல்வது ஆபத்து.

ஒட்ட வைத்ததுபோல் தெரியும் கருமை

நாற்பது வயதையொட்டி முதுகிலும் நெஞ்சிலும் முகத்திலும் பழுப்பு, கருப்பு நிறத்தில் தடிப்புகள் வரும். மெழுகுவர்த்தி சொட்டி உறைந்ததுபோல, நகத்தால் சுரண்டினால் பெயர்ந்துவிடும் போலத் தோன்றும். செபோரிக் கெரடோசிஸ் என்று மருத்துவச் சீட்டில் எழுதுவார்கள். இங்கே ஒட்டு மரு என்று வைத்துக்கொள்வோம். மேல்தோல் செல்கள் வயதோடு ஓர் இடத்தில் கூடுதலாகப் பெருகுவதுதான் இது. தொற்றாது.

இதன் குட்டி வடிவம் கருநிறத் தோலில் இளவயதிலேயே வரும்: கன்னத்திலும் கண்ணைச் சுற்றியும் மிளகு தூவியதுபோலச் சின்னச் சின்னக் கரும்புடைப்புகள். அம்மாவுக்கோ அப்பாவுக்கோ இருந்திருக்கும். முகப்பூச்சுகளால் இது போகாது, ஏனென்றால் அது கறை அல்ல, சதை. மின்சூட்டால் எடுக்கலாம், ஆனால் கை தேர்ந்தவரிடம், குறைந்த சூட்டில், முதலில் காதோரம் ஒன்றிரண்டை மட்டும் எடுத்துப் பார்த்து, ஆறு வாரம் கழித்துத் தோல் எப்படி ஆறியிருக்கிறது என்று கண்ட பிறகு மற்றவற்றைத் தொடுவது நல்லது. மொத்தமாக ஒரே நாளில் சுட்டுக்கொண்டு, கரும்புடைப்புக்குப் பதில் கருந்தழும்போடு நிற்பது வருத்தமான காரியம், தவிர்க்கக்கூடியதும்கூட.

மச்சம்: பிரேக் பிடித்து நின்ற வண்டி

நிறமிச் செல் ஒன்றில் ஒரு சிறு மரபணு மாற்றம் ஏற்படுகிறது. வண்டியின் ஆக்சிலரேட்டர் அழுந்திச் சிக்கிக்கொண்டதுபோல அது பெருகத் தொடங்குகிறது. கொஞ்ச தூரம் போனதும் செல்லுக்குள்ளேயே இருக்கும் பிரேக் விழுந்து, அந்தக் கூட்டம் அப்படியே நின்றுவிடுகிறது. அந்த நின்ற கூட்டம்தான் மச்சம். அதனால்தான் ஆண்டுக்கணக்கில் ஒரே அளவில் இருக்கிறது. பெரும்பாலானவை முப்பது வயதுக்குள் தோன்றிவிடும். ஒருவருக்கு 10 முதல் 40 வரை இருப்பது சாதாரணம். தட்டையாக இருந்தது வயதோடு மெல்லப் புடைக்கலாம், முடியும் முளைக்கலாம். முடி இருப்பது கெட்ட அறிகுறி இல்லை, பிடுங்காமல் கத்தரித்துவிடலாம்.

மச்சத்தில் பார்க்க வேண்டியது மாற்றத்தை. தோல் மருத்துவர்கள் 1985 முதல் கையாளும் எளிய அளவுகோலைக் கேள்விகளாக இப்படிச் சொல்லலாம். நடுவில் மடித்தால் இரு பாதியும் ஒத்துப்போகுமா? விளிம்பு ஒழுங்காக இருக்கிறதா, கிழிந்த காகிதம்போல் இருக்கிறதா? ஒரே நிறமா, பல நிறமா? குறுக்களவு 6 மி.மீ.க்கு மேலா? இந்த நான்கோடு 2004இல் சேர்க்கப்பட்ட ஐந்தாவது கேள்வி, எங்கள் கருத்தில் எல்லாவற்றிலும் முக்கியமானது: சில வாரங்களில், மாதங்களில் மாறிக்கொண்டு வருகிறதா?

கருநிறத் தோலில் நிறமிப் புற்று அரிது. வந்தால் பெரும்பாலும் வெயில் படாத இடத்தில் வருகிறது: உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தடி. அடிபட்ட ரத்தக்கட்டு என்று நினைத்து விட்டுவிடுவார்கள். பாடகர் பாப் மார்லிக்கு 1977இல் கால் விரல் நகத்தடியில் கண்டறியப்பட்ட புற்று இந்த வகைதான். கால்பந்தாட்டக் காயம் என்றே முதலில் கருதப்பட்டது. 1981இல் அவர் இறந்தபோது வயது 36. நகத்தில் நீளவாக்கில் புதிதாக வந்து அகலமாகிக்கொண்டே போகும் ஒற்றைக் கருங்கோடு, நகம் வளர்ந்தாலும் அதோடு நகராத கருமை, பாதத்தில் பரவும் கரும்படலம் ஆகியவற்றை உடனே காட்ட வேண்டும். ரத்தக்கட்டாக இருந்தால் நகம் வளர வளர முன்னோக்கி நகர்ந்து வெளியேறிவிடும்.

மச்சத்தை ஊசியால் தொட்டால் புற்றாகிவிடும் என்ற பயம் பலரை மருத்துவமனைப் பக்கமே போகவிடாமல் செய்கிறது. சதை எடுத்துப் பரிசோதிப்பதால் புற்று உண்டாவதில்லை. இருந்தால் கண்டுபிடிக்க அது ஒன்றே வழி.

தோலுக்கு அடியில் உருளும் கட்டிகள்

தலையணைப் பஞ்சு ஓர் இடத்தில் உருண்டு திரள்வதுபோல, கொழுப்புச் செல்கள் மெல்லிய உறைக்குள் திரள்வது கொழுப்புக் கட்டி. அமுக்கினால் மிருது, விரலுக்கடியில் வழுக்கும், வலிக்காது. எடை குறைத்தாலும் கரையாது. 5 செ.மீ.க்கு மேல் போனாலோ, கெட்டியானாலோ, வேகமாக வளர்ந்தாலோ, வலித்தாலோ ஸ்கேன் எடுக்க வேண்டும்.

நீர்க்கட்டி என்று சொல்லப்படும் உறைக்கட்டி வேறு. சட்டைப் பையின் வாயைத் தைத்துவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே உதிரும் நூலும் தூசும் வெளியே போக வழியின்றிச் சேரும். மேல்தோலின் ஒரு துண்டு உள்ளே மடிந்து பைபோல் ஆகி, உதிர வேண்டிய கெரட்டினை உள்ளுக்குள்ளேயே உதிர்க்கிறது. மேலே ஒரு கருந்துளை தெரியும். பிதுக்கினால் நாற்றமுள்ள வெள்ளைக் களிம்பு வரும். கட்டி சுருங்கியதுபோல் இருக்கும். பை உள்ளேயே இருப்பதால் மறுபடி நிரம்பும். இதைவிடக் கெடுதல், பிதுக்கும்போது பை உள்பக்கமாகக் கிழிவது. கெரட்டின் உள்தோலில் கொட்டி, உடல் அதை அந்நியப் பொருளாகத் தாக்கி, பெரிய சிவந்த வீக்கமாகிவிடும். பையோடு சேர்த்து எடுத்தால்தான் தீர்வு. வீங்கியிருக்கும்போது பை நைந்து கிழியும் என்பதால், வீக்கம் தணிந்து சில வாரம் கழித்தே அறுவை செய்வார்கள்.

இதுவரை பார்த்ததில் ஒட்டக்கூடியவை வைரஸ் மருவும் மொலஸ்கமும் மட்டும். மற்றவை யாவும் அவரவர் தோலின் சொந்த வளர்ச்சி.

எடுத்துவிடுவது என்று முடிவு செய்தால்

இணையத்தில் விற்கும் ‘மரு நீக்கும்’ களிம்பு, பேனா எதையும் நம்பிவிட வேண்டாம். மச்சத்தையும் தொங்கு மருவையும் நீக்க, மருத்துவர் சீட்டில்லாமல் வாங்கும்படி அனுமதிக்கப்பட்ட மருந்து எதுவும் இல்லை என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2022இல் எச்சரித்தது. இவற்றில் பல, அடர்ந்த அமிலமோ துத்தநாகக் குளோரைடு போன்ற அரிக்கும் பொருளோதான். அவற்றுக்கு மரு எது, நல்ல தோல் எது என்று தெரியாது, பட்டதையெல்லாம் அரிக்கும்.

மருத்துவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, ‘இது என்ன?’ பெயரைச் சொல்லச் சொல்லுங்கள். இரண்டாவது, ‘எடுத்ததைப் பரிசோதனைக்கு அனுப்புவீர்களா?’ சிறு தொங்கு மருவுக்குத் தேவையில்லை. மச்சம், சந்தேகமான புடைப்பு என்றால் கட்டாயம். லேசராலோ மின்சூட்டாலோ எரித்துவிட்டால் பரிசோதிக்க ஒன்றும் மிஞ்சாது. அதனால் சந்தேகம் உள்ளதை வெட்டித்தான் எடுக்க வேண்டும். மூன்றாவது, உங்களுக்கோ பெற்றோருக்கோ தழும்பு தடித்து வளரும் இயல்பு இருந்தால் அதை நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள். நெஞ்சின் நடு, தோள், காது மடல் ஆகிய இடங்களில் சின்ன வெட்டுகூட அசல் மருவைவிடப் பெரிய தழும்பாகிவிடலாம். அப்படிப்பட்டவர்களுக்கு ‘விட்டுவிடுங்கள்’ என்பதே பல நேரம் சிறந்த சிகிச்சை.

காத்திருக்காமல் காட்ட வேண்டியவை: ஒரு மாதம் ஆகியும் ஆறாத புண், காரணமின்றி ரத்தம் கசியும் புடைப்பு, வாரக்கணக்கில் பெரிதாகிக்கொண்டே போவது, ஒட்டு மருக்கள் திடீரென்று கும்பலாக முளைப்பது.

எடுத்த பிறகு காயத்தைக் காயவிட்டுப் பொருக்காக்குவது நல்லது என்று நினைப்பவர்கள் அதிகம். ஈரமாக வைத்த காயமே சீக்கிரம் ஆறும், தழும்பும் குறையும். நாளுக்கு ஒருமுறை சோப்பும் தண்ணீரும் கொண்டு மெல்லக் கழுவி, ஒற்றித் துடைத்து, வாசலின் தடவி, சிறு கட்டுப் போடுங்கள். பொருக்கைப் பிய்க்காதீர்கள். முகம் ஒரு வாரத்தில் ஆறும். கால் இரண்டு மூன்று வாரம் எடுக்கும். ஆறிய இளந்தோலில் வெயில் பட்டால் கருமை படியும். ஆறிய நாளிலிருந்து சில மாதங்களுக்கு, வெளியே போகும்போது எஸ்பிஎஃப் 30 அல்லது அதற்கு மேற்பட்ட சன்ஸ்கிரீன் தடவிக்கொள்ளுங்கள்.

எடுக்காமல் விடுவதாக இருந்தால், பக்கத்தில் ஓர் அளவுகோலை வைத்து, பகல் வெளிச்சத்தில் போனில் ஒரு படம் எடுத்துத் தேதியோடு வைத்துக்கொள்ளுங்கள். மூன்று மாதம் கழித்து அதே இடத்தில், அதே அளவுகோலோடு இன்னொன்று எடுங்கள். இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால் வளர்ந்ததா இல்லையா என்பது உங்களுக்கும் தெரியும், மருத்துவருக்கும் தெரியும்.